பழைய டீசல் ஸ்விஃப்ட்: 20 கொடுத்த வண்டி 16இல் நிற்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2012ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் விடிஐ, 1248 சிசி டீசல் எஞ்சின். ஓட்டம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வேலை நிமித்தம் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போய்வருகிறேன். இதே சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்த வண்டி, கடந்த மழைக்காலத்திலிருந்து மெல்ல இறங்கி இப்போது 16இல் நிற்கிறது. கரும்புகை இல்லை, இழுவையிலும் பெரிய குறை தெரியவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், எஞ்சின் ஆயில் மூன்றும் அண்மையில் மாற்றியவை. பக்கத்து ஒர்க்ஷாப்பில், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால், வண்டியையே விற்றுவிடலாமோ என்று தோன்றுகிறது. சென்ற ஆண்டு 165/80 ஆர்14 டயர்களை எடுத்துவிட்டு 185/70 ஆர்14 போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செலவை இழுத்துவிடாமல் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீசல்_பித்தன் எழுதியது:

இன்ஜெக்டரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் ஐயா. முதலில் 16 என்ற கணக்கு சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பங்க்கில் ஒரே பம்பில் நிரப்பி, குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். "ரவுண்டாகப் போடுங்கள்" என்று மேலும் இரண்டு சொட்டு ஊற்றச் சொன்னால் கணக்கு கெட்டுவிடும். டேங்க் பாதிக்கு மேல் காலியான பிறகு அதே பம்பில் அதே போல நிரப்பி, ஓடிய தொலைவை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

டயரைப் பற்றிச் சொன்னீர்கள். பழைய அளவின் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ., புதியதன் விட்டம் 615 மி.மீ.; வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அகலமான டயர் கொஞ்சம் தின்னும் என்பது உண்மைதான். ஆனாலும் நான்கு கிலோமீட்டரை அது விழுங்காது, அதுவும் மாற்றிய உடனே தெரிந்திருக்க வேண்டும். காற்றைக் குளிர்ந்த டயரில், ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வைத்திருங்கள். அதற்கு மேல் டயரில் தேட ஒன்றுமில்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக்கை. மழைக்காலத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது என்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை அங்கே இழுக்கிறது. முன்சக்கர காலிப்பர் (பிரேக் பேட்களைச் சக்கரத்தோடு சுழலும் தட்டின் மேல் அழுத்தும் பாகம்), இரண்டு இரும்புப் பின்களின் மேல் சறுக்கி நகர வேண்டியது. அவற்றின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகிவிடும். அதன் பிறகு மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பேட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வரும். டீசல் எஞ்சினுக்குக் கீழ் வேகத்திலேயே இழுவை அதிகம் என்பதால் (இந்த எஞ்சின் 190 நியூட்டன் மீட்டரை 2000 சுழற்சியிலேயே தந்துவிடும்) ஓட்டுபவருக்கு இந்த உரசல் தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக உருளவிட்டு நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே, தொடாமல், புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் உங்கள் டீசல் போகிறது.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவைக்கும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக் காற்றில் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. சூடேறாத எஞ்சினில் ஆயில் தடித்தே இருக்கும், இசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே எண்ணி அதற்கேற்ப எரிபொருளைக் கொடுக்கும். நம் ஊர் வெயிலில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. எஞ்சின் கொதித்தால்தான் நமக்குக் குறை, குளிர்ந்தே இருந்தால் நல்லது என்று விட்டுவிடுகிறோம். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிக் கைபேசியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தைப் பாருங்கள். ஓட்டத்தில் 80 டிகிரிக்கு மேல் ஏறி நிலையாக நிற்க வேண்டும்.

மூன்றாவதாக, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களில் ஆயில் கசிந்த ஈரத் தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் அழுத்திய காற்று அந்த வழியே வெளியேறிவிடும். ஆனால் அப்போது பெரும்பாலும் கரும்புகை தெரியும் என்பதால் உங்கள் வண்டியில் இதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரு கேள்வி: மாற்றிய எஞ்சின் ஆயில் எந்த கிரேடு? கையேட்டில் உள்ளதைப் போட்டார்களா, அல்லது டிரம்மிலிருந்து தடித்த வகையான 15டபிள்யூ-40 ஊற்றிவிட்டார்களா?

மலைப்பாதைக்காரன் எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் வேகத்தையும் கவனியுங்கள். 80இல் போவதற்கும் 100இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. கூரையில் கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நான் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பெரும்பகுதி நியூட்ரலில்தான் வருவேன், நல்ல மிச்சம் கிடைக்கிறது. டேங்க்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனரையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

டீசல்_பித்தன் எழுதியது:

நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நியூட்ரல் யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் இசியூ டீசலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்கு உரிய டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது மிச்சம் என்று நீங்கள் நினைப்பது மலையிறக்கத்தில் செலவு. அதோடு எஞ்சின் பிடிப்பும் இல்லாமல் போவதால் வண்டியின் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழும். கொண்டை ஊசி வளைவில் பேட் சூடேறி மிதி பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

கிளீனர் ஊற்றுவதால் கெடுதல் இல்லை, நான் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் சிலர் சொல்வதைக் கேட்டு மண்ணெண்ணெய் மட்டும் கலந்துவிடாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் எழுப்பும் பம்புக்கு டீசலேதான் மசகு.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. ஆயில் பில்லை எடுத்துப் பார்த்தேன், 15டபிள்யூ-40தான். அடுத்த முறை கையேட்டில் உள்ளதைக் கேட்டு வாங்குகிறேன். நீங்கள் சொன்னபடியே இடது முன்சக்கரம் மட்டும் கை காட்ட முடியாத அளவுக்குக் கொதித்தது. கழற்றியபோது கீழ்ப் பின் துருவேறி, சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. அந்தப் பக்கத்து உள் பேட் தகடு வரை தேய்ந்து, வெளிப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பின்களையும் பேட்களையும் மாற்றிய பிறகு, ஃபுல் டேங்க் கணக்கில் 18க்குச் சற்று மேல் வருகிறது. கூலன்ட் வெப்பம் நகருக்குள் 80ஐத் தொடுகிறது, நான்குவழிச் சாலையில் ஏறியதும் 70க்கு இறங்கிவிடுகிறது. இந்த நிலையில் இன்ஜெக்டர் தேவையா?

டீசல்_பித்தன் எழுதியது:

ஓடும்போது இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட்தான். கூலன்ட்டையும் சேர்த்து மாற்றி, காற்றுக் குமிழியை வெளியேற்றச் சொல்லுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

அதன் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், புது இன்ஜெக்டர் வாங்குவதற்கு முன் ரிட்டர்ன் அளவை, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் பீய்ச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் ஓட விட்டால் போதும். நான்கிலும் டீசல் ஏறக்குறைய சமமாக நின்றால் இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நிரம்பினால், அந்த ஒன்றை மட்டும் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். திரும்பப் பூட்டும்போது அடியில் உள்ள செப்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டால் கம்ப்ரஷன் கசிந்து, சில மாதங்களில் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி கட்டிவிடும்.