என்வாய்க்கு என்ன ஆயிற்று? (மருத்துவ பில்லிங் இரவுகள்: அனுபவப் பகிர்வு)

இரவுப்பணி_சரவணம்பட்டி

2024 பிப்ரவரி 21-ஆம் தேதி இரவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர்களின் காப்பீட்டுக் கோரிக்கைகளை, அதாவது கிளெய்ம்களை, காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கடத்தும் கிளியரிங்ஹவுஸான சேஞ்ச் ஹெல்த்கேர், இணையத் தாக்குதலால் தன் கணினிகளை இணைப்பிலிருந்து துண்டித்துவிட்டது என்ற ஒற்றை வரி மட்டும் எங்கள் குழுத் தலைவரான டி.எல்.லிடமிருந்து வந்தது, ஒரு கிளெய்மும் வெளியே போகவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றியன்று. இரவு பதினொன்றரை மணி வாக்கில், ஒஹாயோவில் இரண்டே மருத்துவர்கள் பார்க்கும் ஒரு சிறு கிளினிக்கிலிருந்து, அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பார்க்கும் ஓர் அம்மையார் பேசினார். எடுத்த எடுப்பிலேயே "என்வாய்க்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

அப்படி ஒரு நிறுவனத்தை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று மிகவும் மரியாதையாகவும், அதைவிட மிகவும் உறுதியாகவும் பதில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பேனாவின் மூடியைத் திறந்து மூடும் "டக், டக்" என்ற ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், எப்போது சரியாகும் என்றார். நாளைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லும்படி எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். கிளெய்ம் போக்குவரத்து மார்ச் நடுப்பகுதியைத் தாண்டித்தான் மெல்லமெல்ல உயிர்பெறத் தொடங்கியது என்பது உங்களுக்கே தெரியும். அந்த நடுவாரங்களில் அவர் சிவப்பு மையில் அச்சிட்ட சி.எம்.எஸ். 1500 படிவங்களில் கிளெய்ம்களைத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றாக உறையிலிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஆனாலும் என்னை இன்றுவரை உறுத்துவது "நாளைக்கு" என்ற பொய்யைவிட, அந்த "என்வாய்" என்ற பெயர்தான். யாரைச் சொன்னார் அவர்? பழையவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை_பழையவர்

அம்மணி, அந்த அம்மையார் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள்தான் தெரியாமல் இல்லையென்று சொல்லிவிட்டீர்கள்.

நான் 2001-இல் பீளமேட்டில் ஒரு வீட்டின் மாடியில் நடந்த பில்லிங் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்கக் கிளினிக்கின் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து, அங்கிருந்து கிளெய்ம் கோப்பைக் கிளியரிங்ஹவுஸுக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் விடியற்காலையில் பாதியில் இணைப்பு அறுந்தது. கோப்பு போனதா இல்லையா என்று பார்க்காமல் மறுபடியும் அனுப்பினேன். இரண்டு முறையும் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக "டூப்ளிகேட்" என்ற ஒரே சொல் வரிசையாக இறங்கி நின்றது; அந்தத் தாளின் தலையில் இருந்த பெயர்தான் என்வாய். முதலாளி ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். வேலையை விடும்வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் இருந்த என்வாய், 1999-இல் குவின்டைல்ஸ் என்ற மருந்தாய்வு நிறுவனத்திடம் போய், 2000-இல் அங்கிருந்து வெப்எம்டியிடம் வந்தது. வெப்எம்டி என்றால் இன்று நோய்க்குறிகளைத் தேடிப் பார்க்கும் இணையதளம் மட்டும்தான் நினைவுக்கு வரும். நெட்ஸ்கேப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜிம் கிளார்க் உருவாக்கிய ஹெல்த்தியான் 1999-இல் அதனோடு இணைந்திருந்தது. அமெரிக்க மருத்துவக் காகிதங்கள் அனைத்தையும் இணையத்தின் வழியாக ஓடவிடுவது அவர்களுடைய கனவு. கனவுக்குக் கம்பி வேண்டுமே, அந்தக் கம்பியாகத்தான் என்வாயை வாங்கினார்கள். 2005-இல் தாய் நிறுவனம் எம்டியான் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2006-இல் இந்த வணிகத்தில் பெரும்பங்கு ஜெனரல் அட்லாண்டிக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2009-இல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். 2011-இல் ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு பிளாக்ஸ்டோன் வாங்கிச் சந்தையிலிருந்து வெளியே எடுத்தது. 2014-இல் எம்டியான் தன்னைவிடச் சிறிய சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டு அந்தச் சிறியதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 2017-இல் மருந்து விநியோக நிறுவனமான மெக்கெசன் கைக்குப் போய், 2022-இல் ஆப்டம் கைக்கு வந்தது.

எங்கள் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் கைமாறினால் வாசலில் பலகை மாறும், உள்ளே அதே தறி அதே ஆள் ஓட்டுவார். ஒஹாயோ அம்மையார் உள்ளே இருந்தவர். பலகையை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்?

காளப்பட்டி_கியூஏ

பெரியவர் சொன்னவற்றுள் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. "மெக்கெசன் கைக்குப் போனது" என்பது நம் அலுவலகங்களில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் நடந்தது அதுவன்று. மெக்கெசன் தன் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பெரும்பகுதியைக் கொண்டுவந்து சேஞ்சோடு சேர்த்து, புதிய கூட்டு நிறுவனத்தில் 70 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. மீதி 30 பழைய பங்குதாரர்களிடமே இருந்தது. 2019 ஜூனில் அந்தக் கூட்டு நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது, 2020 மார்ச்சில் மெக்கெசன் முழுவதுமாக விலகிக்கொண்டது. ஆப்டம் வாங்கியதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வாங்கப்போவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை அதைத் தடுக்க வழக்குப் போட்டது. ஆப்டமின் தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த், போட்டிக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளெய்ம் தரவுகளையெல்லாம் பார்க்கும் இடத்துக்கு வந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்காமல், கிளெய்ம்ஸ்எக்ஸ்டென் என்ற மென்பொருளை மட்டும் வேறொருவருக்கு விற்கச் சொல்லி அனுமதித்தது. அக்டோபர் தொடக்கத்தில் கைமாறியது. பதினாறு மாதம் கழித்து அந்தப் பிப்ரவரி இரவு.

என் அனுபவம் சிறியது. நம் தளங்களில் பேனா, காகிதம், கைப்பேசி எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் மாலை வீட்டில் சிலிண்டர் பதிவு எண்ணை அவசரத்துக்கு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் இருந்த காவலர், அன்னூர்க்காரர், என் தந்தை வயது, கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சாமி, கோவிச்சுக்காதீங்க, கழுவிப்போட்டு வந்துருங்க" என்றார். சோப்பு போட்டும் போகாத மையை ஐந்து நிமிடம் தேய்த்துக்கொண்டு நின்றேன். 2024 மே மாதம் யுனைடெட்ஹெல்த்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, ஊடுருவியவர்கள் நுழைந்த தொலையணுகல் வாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கவில்லை என்றும், 2.2 கோடி டாலர் பிணைத்தொகை கொடுத்தோம் என்றும் சொன்னதைக் கேட்டபோது, என் கண்கள் தாமாகவே உள்ளங்கையைப் பார்த்தன.

சென்னிமலை_கோடர்

கிளியரிங்ஹவுஸ் பேச்சுக்கு நடுவில் மருத்துவமனை நிறுவனத்தைக் கொண்டுவருகிறேன் என்று யாரும் குறைசொல்ல வேண்டாம். என்வாய் பிறந்த அதே நாஷ்வில்தான் இதற்கும் ஊர்.

ஈரோட்டில் நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லிங் குறியீடு போடும் கோடிங் பயிற்சிக்குப் போனபோது எங்கள் ஆசிரியர் எச்.சி.ஏ.வின் கதையைச் சொல்லித்தான் முதல் வகுப்பைத் தொடங்கினார். 1968-இல் ஃபிரிஸ்ட் என்ற மருத்துவரும், மருத்துவரான அவருடைய மகனும், கென்டக்கி ஃபிரைடு சிக்கனை வளர்த்தெடுத்த ஜாக் மாஸியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 1994-இல் ரிக் ஸ்காட் நடத்திவந்த கொலம்பியா என்ற மருத்துவமனை நிறுவனத்தோடு இணைந்தது, 1997-இல் எஃப்.பி.ஐ. சோதனைகள் நடந்தன, ஸ்காட் பதவி விலகினார். நோயாளிக்கு இருந்ததைவிடக் கடுமையான நோயின் குறியீட்டைப் போட்டு அரசிடம் கூடுதல் பணம் வாங்கினார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2000-இலும் 2003-இலும் செய்துகொண்ட தீர்வுகளில் மொத்தம் 170 கோடி டாலர் கட்டினார்கள். ஸ்காட் பின்னாளில் ஃபுளோரிடாவின் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார். "ஒரு எண், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லி ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு குறியீடுகளை அருகருகே எழுதினார்.

மூன்றாண்டுகள் கழித்து, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில், என் திரையில் ஒரு கிளினிக் வருகை. மருத்துவர் 22 நிமிடம் என்று குறித்திருந்தார். நான் அதற்குரிய வருகைக் குறியீடான 99213 போட்டேன். டி.எல். என் தோளுக்குப் பின்னால் குனிந்து, "இதெல்லாம் நாலுங்க, அம்மணி" என்றார். நேரத்தைக் கொண்டு, கூடுதல் பணம் கிடைக்கும் 99214 போட 30 நிமிடம் வேண்டும். குறிப்பில் இருந்த வேறெதுவும் அதைத் தாங்கவில்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றை அழித்துவிட்டு நான்கை அடித்தேன். தரச் சோதனையான கியூஏ-விலும் அது தேறிவிட்டது. அந்த நோயாளியின் பெயர் மறந்துவிட்டது. 22 என்ற எண் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை_ஈரோடு

எல்லோரும் அமெரிக்க நிறுவனத்தின் கைமாற்றத்தையே பேசுகிறீர்கள்; நம் நிறுவனமும்தான் கைமாறுகிறது. நான் ஆறு ஆண்டுகளில் ஒரே நாற்காலியில் அமர்ந்தபடி மூன்று அடையாள அட்டைகளைக் கழுத்தில் மாட்டினேன். மூன்றாவது கயிறு பச்சை. அப்பாவின் இதய சிகிச்சைக்கு வருங்கால வைப்புநிதியில் முன்பணம் கேட்டபோதுதான் என் வைப்புநிதிப் பொது எண்ணான யு.ஏ.என்.னில் மூன்று தனித்தனி உறுப்பினர் எண்கள் இருந்ததும், பணம் மூன்று இடத்தில் கிடந்ததும் தெரிந்தது.

ஆகையால் தம்பி தங்கைகள் கவனியுங்கள். நிறுவனம் கைமாறுகிறது என்று மின்னஞ்சல் வந்தவுடன் முதலில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். புதிய உறுப்பினர் எண் விழுந்திருந்தால், பழையதில் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றலாம். பிறகு பழைய கணக்கிலிருந்து புதியதற்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள். மாற்றாமல் பணத்தை எடுத்துவிட்டால், ஐந்தாண்டுத் தொடர் பணி கணக்கில் வராமல் போய் வரிப் பிடித்தம் விழலாம். மாற்றியிருந்தால் பழைய நிறுவனத்தின் ஆண்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பணிக்கொடை இன்னும் முக்கியம். புதிய நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் "முந்தைய பணிக்காலம் தொடரும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். "புதிய நியமனம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் நிறுவனக் கணினியில் மட்டும் வைக்காமல் சொந்த மின்னஞ்சலிலும் வையுங்கள். கைமாறிய மறுநாளே பழைய தளம் மூடப்படலாம். ஆதாரில் உள்ள பெயரும் யு.ஏ.என்.னில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். தலைப்பெழுத்துத் தகராறில் நான் நான்கு மாதம் அலைந்தேன்.

காளப்பட்டி_கியூஏ

அண்ணா, இந்தத் திரியில் யாரும் வைப்புநிதியைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் என் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு எண்கள் இருக்கின்றன.

இரவுப்பணி_சரவணம்பட்டி

நொய்யல்கரை அண்ணாவுக்கு நன்றி. அந்த அம்மையாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்; அவர் சென்ற ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னார்கள்.

அண்ணாவின் பதிலைப் படித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் அன்றாடம் பார்க்கும் பேயர் பட்டியலில், அதாவது பணம் தரும் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில், மூன்றாவது நெடுவரிசையின் தலைப்பு "எம்டியான் ஐ.டி." என்பதாகும். பயிற்சியில் அதற்குப் பொருள் கேட்டபோது, "அது ஒரு தலைப்பு, கண்டுகொள்ளாதே" என்று சொன்னார்கள். பின்னால் வந்தவர்களுக்கு நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நாங்கள் இப்போது கிளெய்ம் அனுப்புவது வேறொரு கிளியரிங்ஹவுஸ் வழியாக. எனவே நேற்று ஷிஃப்ட் தொடங்கியதும் டி.எல்.லிடம் போய் அந்தத் தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். யாரோ எப்போதோ எழுதிய மேக்ரோ என்ற தானியங்கு நிரல் அந்தச் சொல்லைத் தேடித்தான் நெடுவரிசையைக் கண்டுபிடிக்கிறது, மாற்றினால் கோப்பு ஓடாது என்றார்.

அப்படியே விட்டுவிட்டேன்.