ஆள் கூடுகிறது, ஆபீஸ் இடம் குறைகிறது: என் கணிப்பில் எங்கே தப்பு?

காலாண்டுக்காரன்:
ஆபீஸ் இடத்துக்கும் குடோன், தொழிற்கூட இடத்துக்கும் அடுத்த 8 காலாண்டுகளில் எவ்வளவு தேவை இருக்கும் என்று கணித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 60 காலாண்டுத் தரவு கையில் இருக்கிறது. வாடகைக்குப் போயிருக்கும் மொத்தச் சதுர அடியை ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள் எண்ணிக்கையோடு வைத்து ரிக்ரெஷன் (ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்கும் சமன்பாடு) போட்டேன், ஆர்-ஸ்கொயர், அதாவது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு 1-க்குக் கிடைக்கும் மார்க், 0.97. குடோனுக்கு உற்பத்தித் துறை வேலைவாய்ப்பை வைத்தேன், அதுவும் 0.9 பக்கம். ஆனால் கடைசி 6 காலாண்டுகளை மறைத்துவைத்துச் சோதித்தால் ஆபீஸ் இடம் கூடும் என்கிறது, நிஜத்தில் குறைந்திருக்கிறது; குடோனில் நடந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. ஜிடிபி, வட்டி விகிதம் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

எண்ணும் எழுத்தும்:
அந்த 0.97-ஐ நம்பியதுதான் முதல் தப்பு. இரண்டுமே வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிற தொடர்கள், அப்படி எந்த இரண்டைப் பக்கத்தில் நிறுத்தினாலும் ஒட்டி உறவாடுவது மாதிரிதான் தெரியும். சம்பந்தமே இல்லாத தொடர்களை உண்டாக்கி, கிரேஞ்சர், நியூபோல்டு என்ற இரண்டு பொருளியல் புள்ளியியல் ஆய்வாளர்கள் 1974-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். மொத்தத்தை விடுங்கள். காலாண்டுக்குக் காலாண்டு அது எவ்வளவு மாறியது, அதாவது நெட் அப்சார்ப்ஷன், அதை வேலைவாய்ப்பின் மாற்றத்தோடு வைத்துப் பாருங்கள். மார்க் விழும், பயப்படாதீர்கள்.

காலாண்டுக்காரன்:
விழுந்தது, 0.28! பழைய வருஷங்களில் ஏற்ற இறக்கத்தை ஓரளவு பிடிக்கிறது, ஆனால் கடைசி 6-ல் ஆபீஸ் இன்னும் தலைகீழ்தான்.

சதுர அடி:
நான் வாடகைக்கு விடும் பக்கத்தில் இருப்பவன், கணிதம் அவ்வளவாக வராது. ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன். 1,000 பேர் இருக்கிற கம்பெனி, தலைக்கு 150 சதுர அடி, ஆக 1,50,000. இப்போது 1,100 பேர் ஆகிவிட்டார்கள், ஆனால் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, மேஜையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தலைக்கு 90 போதும் என்றால் 99,000. ஆள் 10 சதவீதம் கூடி, இடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. உங்கள் மாடலில் தலைக்கு இவ்வளவு என்பது 15 வருஷமும் மாறாமல் நிற்கிறது, அதுதான் சிக்கல்.

இன்னொன்று, இந்தக் குறைவு 2020-லேயே தெரிந்திருக்காது. ஒப்பந்தம் 5 வருஷம், 10 வருஷம் என்று இருக்கும், ஆள் வராவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், புதுப்பிக்கிற நாளில்தான் "பாதித் தளம் போதும் சார்" என்பார்கள். அதனால் எந்தக் காலாண்டில் எத்தனை சதுர அடிக்கு ஒப்பந்தம் முடிகிறது என்ற பட்டியல் கிடைத்தால் ஜிடிபியை விட அது உபயோகப்படும். அதுவரை அவர்கள் உள்வாடகைக்கு விடப் பார்க்கும் இடத்தையும் கவனியுங்கள், முதலில் அங்கேதான் தெரியும்.

மூட்டை தூக்கி:
குடோனுக்கு உற்பத்தி ஆட்களை ஏன் வைத்தீர்கள் என்றே புரியவில்லை. குடோனை நிரப்புவது சரக்கு. இறக்குமதி, கையிருப்பு, சில்லறை விற்பனை, அதில் ஆன்லைன் பங்கு எவ்வளவு, இதெல்லாம்தான் வேண்டும். ஆன்லைன் கடைக்காரருக்கு ஷோரூம் கிடையாது, அத்தனை ரகமும் குடோனில்தான் இருக்க வேண்டும், திரும்பி வருவதைப் பிரிக்கவும் இடம் வேண்டும். தொழிற்கூடம் வேறு கதை, இயந்திரம் வந்தபிறகு ஆள் குறைந்தும் உற்பத்தி ஏறும், இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போடாதீர்கள்.

அப்புறம் காலி இடம் 2 சதவீதம்தான் இருக்கிற காலாண்டுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். எடுக்க ஆள் இருந்தும் எடுக்க இடம் இல்லை, புதுக் கட்டடம் முடிந்தால்தான் அப்சார்ப்ஷனே வரும். அந்தக் காலத்தில் நீங்கள் அளப்பது தேவையை இல்லை, கட்டுமானத்தை.

காலாண்டுக்காரன்:
இது உறைத்தது. குடோன் தரவில் அப்படிப்பட்ட காலாண்டுகள் 9 இருக்கின்றன, அவற்றை எடுத்துவிட்டு, கையிருப்பையும் ஆன்லைன் பங்கையும் போட்டேன், இப்போது பிழை பாதிக்கும் கீழே. ஆபீஸுக்கு ஒப்பந்த முடிவுப் பட்டியலை வைத்ததில் கடைசி 6-ல் 5-க்குத் திசையாவது சரியாக வருகிறது. ஒரே சந்தேகம், உள்வாடகைக்கு வந்திருக்கும் இடத்தைத் தேவையிலிருந்து கழிக்கலாமா?

சதுர அடி:
கழிக்கலாம். ஆனால் அதே இடத்தை ஒப்பந்தம் முடியும் காலாண்டில் மறுபடி கழித்துவிடாதீர்கள், எங்கள் ஆபீஸில் ஒருமுறை அப்படிக் கழித்து, நிரம்பியிருந்த ஒரு கட்டடத்தையே காலி என்று காட்டிவிட்டோம்.

எண்ணும் எழுத்தும்:
கொடுப்பதற்கு முன், கடைசி 4 காலாண்டு சராசரியை மட்டும் கணிப்பாக வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். 60 காலாண்டுத் தரவில் அதை ஜெயிப்பதே பல சமயம் கஷ்டம்.