‘எக்ஸெசிவ்’ என்பதற்குச் சரியான சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். டெல்டா நெல் விவசாயிகளுக்கான உரக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘எக்ஸெசிவ்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்.

‘அதிக’ என்று போட்டால் பாதி அர்த்தம்தான் வருகிறது. ‘ஹை’ என்றால் அளவு கூடுதல், அவ்வளவுதான். ‘எக்ஸெசிவ்’ என்றால் தேவையான எல்லையைத் தாண்டிவிட்டது, அது தப்பு என்ற தீர்ப்பும் சேர்ந்தே வரும். அதனால்தான் அதன் முன்னால் ‘வெரி’ போட்டால் உறுத்துகிறது. ‘எக்ஸெஸ்’ வேறு. வானிலைத் துறைக் கணக்கில் வழக்கத்தைவிட 20 முதல் 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தால் ‘எக்ஸெஸ்’ மழை. அது வெறும் அளவு, குறை சொல்வதில்லை. ‘எக்ஸ்டென்சிவ்’ என்று மாற்றிப் படித்து ‘பரவலான’ என எழுதுபவர்களும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ‘எக்ஸெசிவ் நைட்ரஜன்’ வருமிடத்தில். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அளவு மீறினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கும், இலைச்சுருட்டுப்புழுவும் குலைநோயும் ஏறும், கதிர் முற்றும்போது சாய்ந்துவிடும். ‘அதிகத் தழைச்சத்து’ என்று எழுதினால் நல்லதுதானே என்று படிப்பவர் இன்னொரு மூட்டையைப் பிரித்துவிடுவார்!

‘மிகையான’ புத்தக வாடை. ‘மிதமிஞ்சிய’ சாப்பாட்டுக்கும் குடிக்கும்தான் பொருந்துகிறது. ‘அளவுக்கு மீறிய’ சரி, ஆனால் அட்டவணைக் கட்டத்தில் அடங்காது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வயலில் இதை எப்படிச் சொல்கிறீர்கள்? உரத்துக்கு ஒரு சொல், தண்ணீருக்கு வேறு சொல் என்றால் இரண்டையும், முழு வாக்கியத்தோடு எழுதுங்கள்.