செட்டிநாட்டு வீட்டை விஆர் வழியே கற்பிப்பது: பதிவிலும் அளவீட்டிலும் ஐயங்கள்

கேள்வி: காரைக்குடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் கட்டடக்கலை வரலாறு கற்பிக்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்து வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பதால் மாணவர்களை உள்ளே அழைத்துச் செல்வது அரிதாகவே வாய்க்கிறது. ஆகவே, உரிமையாளர்கள் இசைந்த ஒரு வீட்டின் முகப்பு, வளவு (திறந்த நடுமுற்றம்), அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு ஆகியவற்றை முப்பரிமாணத்தில் பதிந்து, விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட் வழியே பாடம் நடத்தி, அதையே ஆய்வாகவும் செய்ய முனைந்துள்ளேன். சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் மாதிரியில் மேடும் பள்ளமுமாக வருகின்றன. மாணவர் சிலருக்குத் தலை சுற்றுகிறது. இவற்றை எப்படிச் சரிசெய்வது? பாடம் மனத்தில் பதிந்ததா என்பதை எப்படி அளப்பது?

மறுமொழி 1: தேவகோட்டை ஒளிப்படக் கலைஞர்

அம்மா, போட்டோகிராமெட்ரி மென்பொருள் (பல படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்குவது) ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டுதான் ஆழத்தைக் கணக்கிடுகிறது. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில், கேமரா நகர நகர ஒளித்தெறிப்பும் இடம் மாறுவதால், மென்பொருள் அதைச் சுவரின் புள்ளியென்றே எடுத்துக்கொள்கிறது. ஆத்தங்குடிக் கல்லும் கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கப்படுவது. அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும். விளக்குக்கு ஒரு போலரைசர் (ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடும் வடிப்பான்) தாளும் லென்சுக்கு ஒரு போலரைசரும் பொருத்தி, தெறிப்பு மறையும்வரை ஒன்றைத் திருப்புங்கள். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வளவில் நேர்வெயில் விழாத வேளையே நல்லது. படங்களை இணைக்க உதவும் குறியட்டைகளைத் தரையில் வையுங்கள். சுவரில் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

மறுமொழி 2: சென்னையில் விஆர் கற்பித்தல் ஆய்வு செய்பவர்

கண் நகர்வதாகச் சொல்ல, உட்செவி அசையவில்லை என்று சொல்வதால் வரும் தலைச்சுற்றல் இது. மாணவரை வளவுக்குள் மிதந்து செல்ல விடாமல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சட்டென மாற்றுங்கள். மாதிரியின் தரவுச் சுமையைக் குறைத்து, ஹெட்செட் காட்டும் படங்கள் நொடிக்கு 72 சட்டகங்களுக்குக் கீழே போகாமல் காத்துக்கொள்ளுங்கள், இயன்றால் 90.

அளவீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மாணவர் வியந்ததையே கற்றதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்செட் வழியே மெய்நிகர் ஆய்வகப் பாடம் கற்ற மாணவர்கள் அங்கேயே இருப்பது போன்ற உணர்வை மிகுதியாகப் பெற்றும், அதே பாடத்தைக் கணினித் திரையில் கற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றிருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு பரோங், மேயர் ஆகியோர் செய்த ஆய்வில், பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சுருக்கம் எழுதச் செய்தபோது விஆரில் கற்றவர்களின் தேர்ச்சி கூடியது. எனவே முகப்பு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி எழுதச் சொல்லிவிட்டு, பிறகு வளவுக்குப் போங்கள். மற்றொரு குழுவுக்கு அதே பாடத்தைப் படங்களாலும் வரைபடத்தாலும் நடத்துங்கள். சில வாரம் கழித்து இரு குழுவினரையும் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையவும், நாற்புறக் கூரையின் மழைநீர் வளவில் எப்படிச் சேர்கிறது என்று விளக்கவும் கேளுங்கள். இடத்தின் அளவையும் தொடர்பையும் உணர்வதில்தான் விஆர் உதவக்கூடும் என்பது என் கருத்து. தூணின் காலத்தைச் சொல்லித்தர அது வேண்டியதில்லை.

மறுமொழி 3: கண்டனூர் வாசகர்

வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியவை. ஒருவர் இசைந்தால் எல்லாரும் இசைந்ததாகாது. எந்தெந்த அறையைப் பதியலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வீட்டுத் தூணும் கதவும் கடைகளில் விலைக்குப் போகும் ஊர் இது. ஆகவே, பூட்டு, நிலைக்கதவு, அறைகளின் அமைப்பு ஆகியன துல்லியமாகத் தெரியும் கோப்பைப் பொதுவில் ஏற்றாமல், கல்லூரியிலும் வீட்டாரிடமும் மட்டும் ஒவ்வொரு படி வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.