நெஞ்சு வலியே இல்லாம வந்த அட்டாக், உங்க வீட்லயும் பாத்திருக்கீங்களா?

பினாங்குலேந்து எழுதுறேன். எங்க அப்பாவுக்கு 71 வயசு, இனிப்பு நீர் ரொம்ப வருஷமா இருக்கு. போன வருஷம் ஒரு நாள் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் போயிட்டு வந்தவரு பசியாறக்கூட இல்லாம அப்படியே நாற்காலில சாஞ்சுட்டாரு, சட்டை முதுகு பூரா நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, மூஞ்சி வெளுத்துப்போச்சு, நெஞ்சு வலிக்குதாப்பான்னா "வலியெல்லாம் இல்லம்மா, அசதியா இருக்கு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு"ன்னாரு. உடனே தூக்கிட்டு ஓடினோம், ஈசிஜி எடுத்தா அட்டாக்!

அப்புறம் டாக்டர் பொறுமையா விளக்கினாரு. இதயத்துக்குன்னே சொந்தமா நரம்பு செல்கள் இருக்கு, மேல ஒட்டியிருக்கிற கொழுப்புக்குள்ள கொத்துக்கொத்தா, முக்கால்வாசி மேலறைங்க பக்கம். 1997ல வந்த ஒரு ஆராய்ச்சி ஒரு மனுஷ இதயத்துல 14,000க்கு மேல இருக்கும்னு கணக்கு சொல்லுது. மூளைலேந்து வர்ற சேதியையும் வாங்கிக்கிட்டு, தங்களுக்குள்ளயும் பேசிக்கிட்டு துடிப்ப கூட்டிக் கொறைக்கும். வலிய மூளைக்குக் கொண்டுபோற நரம்பு வேற, ஆனா சர்க்கரை வருஷக்கணக்கா கூடவே இருந்தா அதையும் சேத்துத்தான் அரிக்குது. அப்பாவுக்கு சும்மா உக்காந்திருந்தாலே பல்ஸ் நூறுகிட்ட நிக்கும், படுக்கைலேந்து எழுந்தா தலை சுத்தும், அதெல்லாம் இந்த நரம்பு கெடுறதோட அடையாளமாம். வயசானவங்களுக்கு, சர்க்கரை உள்ளவங்களுக்கு காரணமே இல்லாம வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கினா, வலிக்காக காத்திருக்காதீங்க, 999 அடிங்க.

---

அக்கா, நான் கேஎல், செந்தூல். எங்கம்மாவுக்கு அட்டாக் வந்து பொழைச்ச பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. செத்துப்போன தசை தழும்பா மாறுது இல்லையா, அந்த ஓரத்துல நரம்பு திரும்ப முளைக்கும்போது ஒரு எடத்துல அடர்த்தியா ஒரு எடத்துல இல்லாமலே போயிடுமாம், அதனாலயே துடிப்பு தாறுமாறா ஓடுற ஆபத்து இருக்கு. பிசோப்ரோலால்ங்கிற மாத்திரை குடுத்திருக்கிறது அந்த நரம்போட முடுக்கல அடக்கத்தான். ஒடம்பு நல்லாருக்குன்னு அம்மா தானா நிறுத்தப் பாத்தாங்க, நான் விடல, திடீர்னு நிறுத்தினா ரொம்ப ஆபத்து, தயவுசெஞ்சு யாரும் டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க. அப்பாவுக்கு அடுத்த செக்கப்புல படுக்க வச்சு ஒரு தடவ, நிக்க வச்சு ஒரு தடவ பிரஷர் பாக்கச் சொல்லுங்கக்கா, மேல் நம்பர் 20க்கு மேல எறங்கினா டாக்டர்கிட்ட அத கட்டாயம் பேசுங்க.