மூன்றரை வயதுக் குழந்தைக்குப் பழங்களைக் கொண்டு வீட்டிலேயே என்னென்ன கற்பிக்கலாம்?

கோவைத் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்றரை வயதாகிறது. வரும் ஜூன் மாதம் மழலையர் வகுப்பில் சேர்க்க இருக்கிறோம். அதுவரை பகலில் என் மாமியாரும், வேலை முடிந்து வந்த பிறகு நானும் அவளைக் கவனித்துக்கொள்கிறோம். சுவரில் மாட்டியுள்ள பழங்களின் படத்தைக் காட்டினால் ஸ்ட்ராபெர்ரி, கிவி, செர்ரி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறாள். ஆனால் உழவர் சந்தையில் கூடை நிறையக் குவித்திருந்த சப்போட்டாவைப் பார்த்து உருளைக்கிழங்கு என்றாள்.

படத்தை விட்டுவிட்டு உண்மையான பழங்களைக் கொண்டே எண்ணிக்கை, நிறம், பேச்சு ஆகியவற்றைக் கற்பிக்க விரும்புகிறேன். இந்த வயதுக்கு எவை பொருந்தும்? இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தாள்களை அச்செடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதில் பயன் உண்டா? எனக்கு மாலையில் அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பால்வாடி ஆசிரியை

வணக்கம் அம்மா. படத்தில் உள்ள பழத்துக்கு எடையும் இல்லை, மணமும் இல்லை. அதனால் உங்கள் மகள் சப்போட்டாவை உருளைக்கிழங்கு என்றதில் வியப்பில்லை. சொல்லப்போனால், நிறத்தையும் வடிவத்தையும் ஒப்பிட்டுத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். இனி அவள் கையும் மூக்கும் அந்த ஒப்பீட்டில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே நாளில் பத்துப் பழங்களை அடுக்கிவைக்காதீர்கள். அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் அதிலேயே இருங்கள். இன்னும் சில வாரங்களில் மாங்காய் வரத்து கூடிவிடும். நன்றாக முற்றிய காய்கள் இரண்டை வாங்கி, ஒன்றை அரிசிப் பாத்திரத்துக்குள் புதைத்து, மற்றொன்றை வெளியே வைத்துவிட்டு, நாள்தோறும் மாலையில் குழந்தையையே கைவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் கல்லாக இருந்தது மெல்ல அழுந்தத் தொடங்கும். காம்புப் பக்கம் முகர்ந்தால் பால்வாடை போய்ப் பழமணம் வரும். பச்சை வெளுத்து மஞ்சளாகும். இன்று எப்படி இருக்கிறது, நேற்று எப்படி இருந்தது, நாளை எப்படி இருக்கும் என்று கேட்கும்போது காலத்தைக் குறிக்கும் சொற்களும் வினைச்சொற்களும் தாமாகவே வாயில் வந்து விழும். காயிலிருந்து வெளிப்பட்டு அதைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு அரிசிக்குள் அடைபட்டுத் தங்குவதால்தான் உள்ளே இருப்பது முந்திக்கொள்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அவளுக்கு இப்போது தேவையில்லை.

எண்ணிக்கைக்குக் கமலா ஆரஞ்சைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. தோலில் நீங்கள் நகத்தால் ஒரு கீறல் மட்டும் போட்டுக் கொடுத்தால், மீதியை அவளே உரித்துவிடுவாள். உரித்த சுளைகளைப் பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பங்கிடச் சொல்லிவிட்டு, தட்டில் மிச்சம் இருக்கிறதா, எல்லோருக்கும் இன்னொரு முறை வருமா என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பிக்கும் குழந்தைகள் பலர், ஐந்து பேருக்கு ஐந்து தட்டு எடுத்துவரச் சொன்னால் திகைத்து நிற்பதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரு பொருள் என்று பொருத்துவதுதான் எண்ணின் அடிப்படை. ஒப்பித்தல் அதற்குப் பிறகுதான்.

பயிற்சித் தாள்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது. பென்சில் பிடிப்பதற்கு முன் விரல்களுக்கு வலு வர வேண்டும். மாதுளையை நீங்கள் பிளந்து கொடுத்து, முத்துகளைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக உதிர்க்க வைப்பது அதற்கு மிக நல்ல பயிற்சி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். வாழைப்பழத்தை நறுக்குவது, சாறு பிழிவது, பிறருக்குப் பரிமாறுவது போன்ற வேலைகள் அவருடைய முறையில் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்கின்றன. பொம்மைப் பழத்தைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: இங்கே வெட்டியதை யாராவது சாப்பிடுகிறார்கள்.

திருச்சித் தந்தை

ஆசிரியை அம்மா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, எந்தப் பழம் மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் சொல்லவைத்து, பிறகு போட்டுப் பார்ப்போம். ஆப்பிள் மிதக்கும்; திராட்சை மூழ்கும். பெரியது மூழ்கும், சிறியது மிதக்கும் என்று குழந்தைகள் உறுதியாக நம்பிக்கொண்டிருப்பார்கள் என்பதால் இந்த இரண்டுமே அவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துவிடும். அடுத்ததாக ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு போடுங்கள், மிதக்கும். அதையே உரித்துப் போடுங்கள், மூழ்கிவிடும். தோலின் வெள்ளைப் பகுதிக்குள் காற்று அடைபட்டிருப்பதே காரணம். எங்கள் இளையவன் தோலை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். நான் நினைத்திராத சோதனை அது.

மற்றொன்று, விதைகளை வைத்து வகைப்படுத்துதல். மாம்பழத்தில் ஒன்று, சப்போட்டாவில் சில, பப்பாளியில் எண்ணி முடியாத அளவு. வாழைப்பழத்தில் விதை எங்கே என்று கேட்டால், குறுக்கே நறுக்கி நடுவில் தெரியும் கரும்புள்ளிகளைக் காட்டுங்கள். விதையாக வளராமல் நின்றுபோனவை அவை. பழத்தைப் பாதியாக வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் அச்சுப் பதிக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் உடன்பாடில்லை. உரித்த தோலும் வாடிய வெண்டைக்காய்க் காம்பும் அந்த வேலைக்குப் போதும்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

எல்லாம் அருமையான யோசனைகள். ஆயினும் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சையைக் கொடுக்கவே கூடாது. நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். மிதக்கவிடும் விளையாட்டில் திராட்சை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை குழந்தையைத் தனியே விட்டுவிட்டு நகரவும் கூடாது. சப்போட்டா விதையின் நுனியில் கொக்கி போன்ற முனை இருப்பதால் அது தொண்டையில் சிக்கினால் ஆபத்து அதிகம். சீத்தாப்பழ விதைகளை மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் நுழைத்துக்கொள்ளும் வயது இது. ஆகவே விதைகளை எண்ணி முடித்தவுடன் எடுத்து வைத்துவிடுங்கள்.

எலுமிச்சை பிழிந்த கைகளைக் கழுவாமல் வெயிலில் விளையாட விட்டால் தோல் சிவந்து கொப்புளம் போடக்கூடும். மாங்காயின் காம்புப் பாலும் உதட்டைப் புண்ணாக்கும்; முகர்ந்து பார்க்கக் கொடுக்கும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கோவைத் தாய்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சிக்கல் என்னவென்றால், என் மகள் வாழைப்பழத்தைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை. மற்ற பழங்களைத் தொடக்கூடத் தயங்குகிறாள், பிசுபிசுப்பு அவளுக்கு ஆகாது. எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற பால்வாடி ஆசிரியை

வாழையிலிருந்தே தொடங்குங்கள் அம்மா, நம் ஊரில் அதற்கு என்ன குறை? பூவன், ரஸ்தாளி, செவ்வாழை, நேந்திரம், மலைவாழை என்று வகைக்கு ஒன்றாகக் கேட்டால் பழக்கடையில் சீப்பிலிருந்து பிய்த்துத் தருவார்கள். அவற்றை நீளத்துக்கு ஏற்ப வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு பருமனுக்கு ஏற்ப மாற்றி அடுக்கச் சொன்னால் வரிசை கலைந்துபோவதைக் கண்டு அவளே சிரிப்பாள். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, எந்தத் தோல் எந்தப் பழத்துடையது என்று பொருத்தச் சொல்லுங்கள். செவ்வாழை எளிது, மற்றவற்றில் தடுமாறுவாள். உரித்த பழத்தின் நுனியில் விரலை மெல்ல அழுத்தினால் அது நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். கையில் ஒட்டாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் தயங்க மாட்டாள்.

தொடுவதற்குத் தயங்கும் குழந்தைக்குத் துணிப்பை விளையாட்டு உதவும். மாதுளை, கொய்யா, சப்போட்டா என்று பிசுபிசுப்பில்லாத முழுப் பழங்களைப் பைக்குள் போட்டு, பார்க்காமல் தடவி, சொரசொரப்பா வழவழப்பா, கனமா லேசா என்று மட்டும் சொல்ல வைக்கலாம். பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். ஆடியில் நாவல்பழம் வரும்போது ஔவையாருக்கு முருகன் சுட்ட பழம் தந்த கதையைப் பாட்டியைச் சொல்லச் சொல்லி, ஒரு பழத்தை அவள் கையில் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். நாக்கு ஊதா நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கண்ணாடியில் பார்க்கும் ஆசையிலேயே ஒன்றைக் கடித்துப் பார்க்கும் குழந்தைகள் உண்டு. சாப்பிடாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள், கொட்டையை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துவிடுங்கள்.