ரெசினில் போட்ட ரோஜா பழுப்பாகிறது, உதவுங்களேன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் கல்யாண மாலைப் பூக்களை எபாக்ஸி ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) பதித்துக் கொடுக்க ஆசைப்பட்டு, முதலில் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய ரோஜாவையும் சம்பங்கியையும் வைத்து ஒத்திகை பார்த்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் 5 நாள் மூடி வைத்தும், ரெசின் இறுகிய மறுவாரமே ரோஜாவின் நடுப்பகுதி பழுப்பாகிவிட்டது, சுற்றிலும் குமிழ் வேறு. தனி இதழ்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. சரி, உள்ளே ஈரம் தங்கிவிட்டது, அதுவரை புரிகிறது. கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்ததாலோ என்னவோ, டப்பாவில் அச்சிட்டிருந்தபடி ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் 2:1 அளந்து கலந்தும் மேற்பரப்பு மங்கலாகப் பிசுபிசுக்கிறது. முழு ரோஜாவை எத்தனை நாள் காயவைக்கிறீர்கள்? சம்பங்கிக்கு என்ன வழி? ஊற்றும் அறையில் ஏசி போட்டால் போதுமா? மாலைப் பூ இப்போது ஜெல்லில்தான் இருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது.